பானையும் பறக்கும்: கடம் விமானம் ஏறிய கதை

விருத்தாசலம் என்றதும் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் பழமலைநாதர் கோயில். இன்னொன்று, பீங்கான். பொம்மை, கோப்பை, ஜாடி, வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃப்யூஸ் கட்டை என்று பலதும் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குப் போயிருக்கின்றன. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் களிமண்தான் இந்தத் தொழிலுக்குக் கை கொடுத்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைப் படிப்பாகவே சொல்லித்தர ஒரு அரசு நிறுவனமும் இங்கே உண்டு.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாடம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளைச் செய்வது பாதி வேலைதான். உடையாமல் கொண்டு போய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் இது பொருந்தும்.

இதே கவலை தமிழ்நாட்டில் இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு. அவர்கள் வியாபாரிகள் இல்லை, சங்கீதக்காரர்கள். சுட்ட மண்ணால் ஆன ஒரு பானையைக் கையில் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க விமானத்தில் போய் வருகிறவர்கள். அந்தப் பானைக்குப் பெயர் கடம்.

வயலினுக்குப் பெட்டி இருக்கிறது. புல்லாங்குழல் பைக்குள் போய்விடும். பானையை எப்படி விமானத்தில் ஏற்றுவது? கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் அறுபது வருட வரலாறும், சில சட்டங்களும், கொஞ்சம் கணக்குவழக்கும் இருக்கின்றன.

முதலில், பானையைப் பற்றி

கடம் என்றால் சமையலறைப் பானைதானே என்று நினைத்தால் தவறு. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கும் மானாமதுரை, கடத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே குளத்து மண்ணையும் மணலையும் சேர்த்து, உலோகத் துகள் போன்ற சில சரக்குகளையும் கலந்து மிதிக்கிறார்கள். சக்கரத்தில் வனைந்து எடுத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி சுவரை எல்லா இடத்திலும் ஒரே கனத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் தடித்து இன்னொரு பக்கம் மெலிந்தால் நாதம் கெட்டுப்போகும். அப்புறம் காய வைத்து, சூளையில் சுட வேண்டும். என்ன சுருதி பேசுகிறது என்பது சுட்டு எடுத்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும்.

இப்படிக் கடம் செய்யும் மானாமதுரை மீனாட்சி அம்மாவுக்கு 2013-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வாங்கும் விருதை ஒரு மண்பாண்டக் கலைஞர் வாங்கினார். 2023-ல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விருத்தாசலத்துப் பீங்கானுக்கும் மானாமதுரைக் கடத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பீங்கான் மிக அதிகச் சூட்டில் வெந்து, கண்ணாடி மாதிரி இறுகி, தண்ணீரை உள்ளே விடாத பொருளாகிவிடும். கடம் அவ்வளவு சூட்டில் வேகாத மண். நுண்துளைகள் உள்ளது. கனமாக இருந்தாலும், ஒரு முனையில் இடித்தால் விரிசல் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும், 'ணங்' என்று பேசியது 'டப்' என்று பேச ஆரம்பிக்கும். கோப்பை விரிசல் விட்டால் பிசின் போட்டு ஒட்டி அலமாரியில் வைக்கலாம். கடம் விரிசல் விட்டால் அதோடு முடிந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கலாம், வயலின் தந்தியை முறுக்கலாம். கடத்துக்குப் பிறவிச் சுருதிதான். கொஞ்சம் களிமண்ணை ஒட்டிச் சிறிது இறக்கலாம், அவ்வளவே. ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடுவார், பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடுவார். ஒரே கடம் இரண்டு பேருக்கும் ஒத்துவராது. ஆகவே ஊர் ஊராகப் போகிற கட வித்வானுக்கு ஒரு பானை போதாது. இரண்டோ மூன்றோ தேவைப்படும்.

ரயில் காலத்தில்

விமானத்துக்கு முன்னால் ரயில்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வித்வான்கள் சென்னைக்கு வந்து போனது ரயிலில். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன், அப்படி எத்தனையோ தம்புராக்களையும் வீணைகளையும் பார்த்த பாதை. ரயிலில் ஒரு சௌகரியம் இருந்தது. வாத்தியத்தை மேல் பெர்த்தில் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு போகலாம். வாத்தியம் கண்ணை விட்டு விலகாது.

கண் முன்னால் இருந்தாலும் பானை பானைதான். டி.எச். விநாயக்ராம் (எல்லோரும் விக்கு என்று சொல்வார்கள்) சிறுவனாகத் தூத்துக்குடியில் அரங்கேறியபோது நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. ராமநவமி உற்சவத்தில் வி.வி. சடகோபன் கச்சேரி. கச்சேரிக்கு முன்பு சடகோபன் வீட்டுக் குழந்தை ஒன்று கடத்தை உடைத்துவிட்டது. குழந்தையின் பெயர் கணேஷ். பிள்ளையாரே உடைத்தார் என்று அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்களாம். அந்தச் சிறுவன் பின்னாளில் கடத்தை உலகமே அறியச் செய்தார் என்பதால் சகுனம் பலித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கடல் தாண்டிய பானை

இந்தியாவில் விமானத் தபால் சேவை 1932-ல் தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட் ஓட்டினார். அந்தச் சின்ன விமானத்தில் தபால் மூட்டைக்கே இடம் குறைவு, வீணைக்கு எங்கே போவது? 1948-ல் ஏர் இந்தியா பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1960-ல் போயிங் 707 ஜெட் விமானத்தில் நியூயார்க் சேவை வந்தது. கர்நாடக சங்கீதம் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

1962-ல் டி. பாலசரஸ்வதி அமெரிக்கா போனார். 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி எடின்பரோ விழாவுக்குப் போனார். 1965-ல் அதே விழாவுக்கு லால்குடி ஜெயராமனும் பாலக்காடு மணி ஐயரும் போனார்கள். 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடினார். அந்தக் கச்சேரி எல்லோருக்கும் தெரியும். பக்கவாத்தியம் யார் யார் என்பது பலருக்குத் தெரியாது. வயலின் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் விநாயக்ராம். நியூயார்க்கின் அந்தப் பெரிய மண்டபத்தில் ஒரு மண்பானையும் பேசியது.

அந்தக் கால விமானங்களில் இன்று இருப்பதுபோல் தலைக்கு மேலே மூடி போட்ட பெட்டி கிடையாது. திறந்த தட்டுதான் இருந்தது. தொப்பி, கோட்டு, கம்பளி வைப்பதற்கான தட்டு. விமானம் குலுங்கினால் கனமான சாமான் தலையில் விழும். 1970-ல் சேவைக்கு வந்த போயிங் 747 போன்ற அகலமான விமானங்களோடுதான் மூடியுள்ள பெட்டிகள் பரவலாயின. ஏர் இந்தியாவுக்கு முதல் 747 வந்தது 1971-ல்.

1975-ல் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் விநாயக்ராம் 'சக்தி' குழுவில் வாசித்தார். ராம்நாட் ராகவன் மிருதங்கம். 1977 வரை அந்தக் குழுவின் மூன்று ஆல்பங்கள் வந்தன. ராக் இசை கேட்டு வளர்ந்த மேற்கத்திய இளைஞர்கள், வயிற்றோடு அணைத்து வாசிக்கப்படும் இந்தப் பானையை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பிறகு 1991-ல் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பம் வந்தது. உலக இசைக்கான முதல் கிராமி விருது 1992-ல் அதற்குத்தான் கிடைத்தது. அதிலும் விநாயக்ராம் இருந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். விநாயக்ராமின் மாணவி சுகன்யா ராம்கோபால். கடம் பெண்களுக்கான வாத்தியம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் கடத்தைக் கையில் எடுத்தவர். பல சுருதிகளில் ஆறேழு கடங்களை வரிசையாக வைத்து, ராகம் கேட்கிற மாதிரி வாசிக்கும் 'கட தரங்கம்' அவர் உருவாக்கியது. ஒரு பானைக்கே விமானத்தில் இடமில்லை என்கிறபோது ஆறேழு பானை! மேடையில் அழகாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பேக்கிங் கவலை இருக்கிறது.

அளவுகோலுக்குள் அடங்காத வாத்தியங்கள்

இந்தியாவில் உள்நாட்டு விமானத்தில் எகானமி வகுப்புப் பயணிக்குப் பொதுவான விதி இது: ஒரு கைப்பை, 7 கிலோ, அளவு சுமார் 55 × 35 × 25 செ.மீ. மூன்றையும் கூட்டினால் 115.

இதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பொருத்திப் பாருங்கள்.

புல்லாங்குழல் பாஸ். வயலின் எடையில் பாஸ், நீளத்தில் ஃபெயில். மிருதங்கம் சுமார் இரண்டடி நீளம், பலா மரத்தில் குடைந்தது. அளவிலும் ஃபெயில், எடையிலும் ஃபெயில். வீணை நாலடிக்குப் பக்கத்தில் வரும், பேச்சே வேண்டாம். கடம் உயரத்தில் தப்பிவிடும், ஆனால் அதன் வயிறு 25 செ.மீ.க்குள் அடங்காது. தடித்த மானாமதுரைக் கடமாக இருந்தால் எடையும் இடிக்கும்.

கஞ்சிராவைப் பாருங்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியது. எந்தப் பைக்குள்ளும் போகும். விமானத்துக்காகவே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் அதன் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பரம்பரையாகக் கஞ்சிராவுக்குப் போர்த்துவது உடும்புத் தோல். உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்ட பிராணி. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிலும் நம் ஊர் உடும்பு முதல் பட்டியலில் இருக்கிறது. ஆகவே பழைய கஞ்சிராவோடு எல்லை தாண்டுவது சட்டச் சிக்கல். இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

எது சின்னதோ அதற்குச் சட்டம் தடை. எது சட்டப்படி சுத்தமோ அது உடையும். எது உடையாதோ அது பெட்டியில் நுழையாது. நம் வாத்தியங்களின் நிலைமை இதுதான்.

தம்புராவின் கதை மட்டும் வேறு மாதிரி முடிந்தது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர் இருந்தார். புல்லாங்குழல் வாசிப்பவர். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில், அதாவது விமானம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் 1979-ல் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் தம்புரா கொஞ்ச வருடங்களில் மேடைக்கு மேடை போய்ச் சேர்ந்தது. ஆள் உயரத் தம்புரா ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. இன்று அதுவும் போய், செல்போனில் ஒரு செயலியாகிவிட்டது. விமானத் தொழிலிலிருந்து வந்தவரே தம்புராவை விமானத்துக்கு ஏற்ற அளவாக்கியது பொருத்தம்தான்! ஆனால் நிஜத் தம்புராவின் நாதத்துக்கு ஏங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு.

தண்டியைக் கழற்றிப் பூட்டும் பயண வீணை, நட்டு போல்ட்டு வைத்த மிருதங்கம் எல்லாம் வந்ததும் இதே காரணங்களால்தான். கடத்துக்கு மட்டும் அப்படி ஒரு வழி பிறக்கவில்லை. பானையைக் கழற்றிப் பூட்ட முடியுமா?

கதவு அடைக்கப்பட்ட ஆறு வாரங்கள்

2006 ஆகஸ்ட் 10. திரவ வெடிமருந்து வைத்து அட்லாண்டிக் கடலுக்கு மேல் விமானங்களைத் தகர்க்கும் சதியை பிரிட்டிஷ் போலீஸ் கண்டுபிடித்ததாக அறிவித்தது. அன்று பிரிட்டனிலிருந்து கிளம்பிய விமானங்களில் கைப்பையே கூடாது என்றார்கள். பாஸ்போர்ட், பர்ஸ் போன்றவற்றை ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு எடுத்துப் போக வேண்டும். சில நாட்கள் கழித்து ஒரு சின்னப் பையை அனுமதித்தார்கள். அளவு 45 × 35 × 16 செ.மீ. வயலின் கூட நுழையாத அளவு.

கோடிக்கணக்கில் விலை மதிப்புள்ள பழைய இத்தாலிய வயலின்களை சூட்கேஸ்களோடு சேர்த்து அனுப்ப யார் சம்மதிப்பார்கள்? இசைக்கலைஞர்கள் ரயிலிலும் கப்பலிலும் சுற்றிப் போனார்கள். சிலர் பயணத்தையே ரத்து செய்தார்கள். இசைக்கலைஞர்களின் சங்கங்கள் குரல் கொடுத்தன. செப்டம்பர் 22 அன்று விதி தளர்ந்தது. இசைக்கருவிகளுக்கு மறுபடியும் விமானத்துக்குள் இடம் கிடைத்தது.

அந்த ஆறு வாரங்களில் ஒரு விஷயம் வெட்டவெளிச்சமானது. வாத்தியத்தைக் கையோடு எடுத்துப் போவது ஓர் உரிமை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது வெறும் சலுகை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பாட்டும் ஒரு சட்டமும்

2008 மார்ச் மாதம் டேவ் கரோல் என்ற கனடா நாட்டுப் பாடகர் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் போனார். சாமான்களோடு அனுப்பிய அவரது கிடார் உடைந்து வந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆனது. மாதக்கணக்கில் அலைந்தும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. 2009 ஜூலையில் அந்த அனுபவத்தையே ஒரு பாட்டாக்கி யூடியூபில் போட்டார். பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. கம்பெனியின் பெயர் கெட்டது. வாடிக்கையாளர் புகாரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்க்கெட்டிங் வகுப்புகளில் இன்றும் இதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள்.

2012-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. விமானத் துறைச் சீரமைப்புச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு முழுக்க இசைக்கருவிகளைப் பற்றியது. அதன் சாரம் இதுதான்:

1. மேல் பெட்டியிலோ சீட்டுக்கு அடியிலோ பத்திரமாக அடங்குமானால், வாத்தியத்தைக் கையோடு கொண்டு போகலாம். மற்ற கைப்பைக்கு என்ன கட்டணமோ அதுதான் இதற்கும்.

2. அடங்காது என்றால், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு அதற்கென்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

3. மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 150 அங்குலத்துக்குள்ளும் எடை 165 பவுண்டுக்குள்ளும் இருந்தால், சாமான்களோடு அனுப்ப ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2015 மார்ச்சில் அமலுக்கு வந்தன. முதலில் வந்தவருக்கு முதல் இடம். ஒருமுறை வாத்தியத்தை மேல் பெட்டியில் வைத்துவிட்டால், பின்னால் வருகிறவரின் பைக்காக அதை இறக்கச் சொல்லக் கூடாது. இது போன்ற தனிச் சட்டப்பிரிவு இந்தியாவில் இல்லை. ஒவ்வொரு விமானக் கம்பெனியும் தனக்கென்று வைத்திருக்கும் விதிதான்.

சீட்டு வாங்கலாம் என்பதிலும் வேடிக்கை உண்டு. செல்லோ மேதை லின் ஹாரெல் தன் செல்லோவுக்கு எப்போதும் முழு டிக்கெட் எடுப்பார். டிக்கெட் எடுத்த பயணிக்குக் கிடைக்கும் மைலேஜ் புள்ளிகளையும் செல்லோ பெயரில் சேர்த்து வந்தார். 2012-ல் டெல்டா நிறுவனம் அது செல்லாது என்று சொல்லி, அவருடைய கணக்கையும் சேர்த்து மூடிவிட்டது. காசு வாங்கும்போது செல்லோ பயணி, சலுகை கேட்கும்போது சாமான்!

நம் நாட்டுக் கலைஞர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2014 ஜூனில் சரோத் மேதை அம்ஜத் அலிகான் லண்டனிலிருந்து டெல்லிக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸில் வந்தார். வந்து இறங்கியபோது சரோதைக் காணவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாக அவர் வாசித்துவந்த வாத்தியம். செய்தி பெரிதாகி, சில நாட்கள் கழித்துத்தான் சரோத் அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பெயர் பெரிது, அதனால் செய்தியானது. பெயர் தெரியாத ஒரு பக்கவாத்தியக்காரருக்கு இதே நடந்தால் எந்தப் பத்திரிகை எழுதும்?

நஷ்டக் கணக்கு

கணக்குக்கு வரலாம். சர்வதேசப் பயணத்தில் பெட்டி உடைந்தாலோ தொலைந்தாலோ எவ்வளவு கிடைக்கும் என்பதை 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. உச்சவரம்பை எஸ்.டி.ஆர். என்ற ஐ.எம்.எஃப். கணக்கலகில் வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர். நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மதிப்புள்ள பொருள் என்றால் முன்கூட்டியே அறிவித்து, தேவைப்பட்டால் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஒன்றே முக்கால் லட்சமா! பானைக்கு இது போதாதா என்று தோன்றும். இரண்டு இடங்களில் சிக்கல் இருக்கிறது.

ஒன்று, பொருளின் இயல்பான குறையாலேயே சேதம் வந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. மண்பானை உடைவது அதன் இயல்புதானே என்று வாதாட இடம் இருக்கிறது. கையோடு கொண்டுபோன பொருள் என்றால், கம்பெனியின் தவறால் உடைந்திருந்தால்தான் நஷ்டஈடு.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. நஷ்டஈடு என்பது பொருளின் விலைக்குத்தான். கடத்தின் விலை என்ன? அமெரிக்காவுக்குப் போகும் டிக்கெட் விலையில் ஒரு சிறு துண்டு. பில் கேட்டால் அந்தச் சிறு தொகைதான் பில்லில் இருக்கும். ஆனால் பல கடங்களைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, வருடக்கணக்கில் வாசித்துக் கை பழகியது, குறிப்பிட்ட சுருதியில் பிசகாமல் நிற்பது... இதற்கெல்லாம் பில் யார் தருவார்கள்? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அடக்க விலை தெரியும், சந்தை விலை தெரியும், தேய்மானம் தெரியும். தேய்மானக் கணக்கில் எந்தப் பொருளும் வருடா வருடம் மதிப்புக் குறையும். நல்ல கடம் அந்தக் கணக்குக்கு எதிர்த்திசையில் போகிறது. பழக்கம் ஏற ஏற அதன் மதிப்பு கூடுகிறது, பில்லில் இருக்கும் விலை மட்டும் அப்படியே நிற்கிறது.

பழைய இத்தாலிய வயலினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதன் விலையே கோடிகளில். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஓடி வரும், விமானக் கம்பெனியும் யோசிக்கும். மலிவான வாத்தியத்துக்குத்தான் பாதுகாப்பு இல்லை. கடத்தின் மலிவே அதற்கு எதிரியாகிவிடுகிறது.

இன்றைய நிலை

1978 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் வசந்த காலத்தில் சென்னையிலிருந்து வித்வான்கள் கிளம்புகிறார்கள். லண்டன், டொராண்டோ, சிட்னி, சிங்கப்பூர் என்று தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் கச்சேரி. ஈழத்தமிழர் வீடுகளில் அரங்கேற்றத்துக்கு மிருதங்கம், கடம் எல்லாம் இங்கிருந்தே போகின்றன. தோல், மரம் என்றால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பூச்சி, கிருமி இருக்கிறதா என்று சோதனையும் உண்டு. நன்றாகச் சுட்ட மண்ணுக்கு அந்தத் தொல்லை குறைவு. கடத்துக்கு இருக்கும் ஒரே அதிர்ஷ்டம் அதுதான் போலிருக்கிறது.

கடக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார்கள். கடத்துக்குள்ளே துணிகளைத் திணித்து, வெளியே போர்வையோ பஞ்சு மெத்தையோ சுற்றி, கெட்டியான பெட்டியில் வைக்கிறார்கள். வைக்கோல் போட்டுப் பானையை அடுக்கிய பழைய குயவர் வித்தையின் புது வடிவம்தான் இது. உள்ளே காலி இடம் இருக்கக் கூடாது, பொருள் ஆடக் கூடாது, இரண்டு கெட்டியான பரப்புகள் நேராகத் தொடக் கூடாது. விருத்தாசலத்தில் பீங்கான் பெட்டி கட்டுகிற எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் இந்த மூன்றையும்தான் சொல்வார்.

கையோடு எடுத்துப் போக முடிந்தால் இத்தனையும் தேவையில்லை. அதற்கு வேண்டியது மேல் பெட்டியில் ஒன்றரை அடி இடம். இதற்காகப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், எழுதி வைத்த விதி ஒன்று இருந்தால் கலைஞர்கள் ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் நின்று கெஞ்ச வேண்டியிருக்காது. அமெரிக்கா அதை 2012-ல் செய்தது. உலகத்திலேயே அதிகம் உடையக்கூடிய வாத்தியங்களில் ஒன்றை வாசிக்கிற நாடு இன்னும் செய்யவில்லை.

விருத்தாசலத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற சென்னைக்கோ திருச்சிக்கோ போகலாம். அங்கே எப்போதாவது வரிசையில், உருண்டையான ஒரு பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பார்க்கலாம். பார்த்தால் உங்கள் சூட்கேஸைக் கொஞ்சம் தள்ளி வைத்து அந்தப் பைக்கு இடம் கொடுங்கள் நண்பர்களே. அதற்குள் இருப்பது உடைந்தால், அதே சுருதியில் அதே நாதத்தோடு இன்னொன்று கிடைக்கும் என்று அதைச் செய்தவரே கூட உறுதி சொல்ல முடியாது.